ஆங்கிலச் சொல்லின் வால் பிழைத்தால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் முறை

வேலை விண்ணப்பம், அலுவலக மின்னஞ்சல், வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் கட்டுரை என்று பிறர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். வரும் பிழைகளில் பெரும்பங்கு சொல்லின் கடைசி இரண்டு மூன்று எழுத்துகளில்தான் உட்கார்ந்திருக்கும். சொல்லைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள், விகுதி மட்டும் தவறியிருக்கும். அதே பிழைகளையே திரும்பத் திரும்பத் திருத்தியதில் தானாக உருவான வரிசை இது. உங்கள் பிழைக்குரிய தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் கீழே உள்ள ஒரு சோதனையை மட்டும் பாருங்கள்.

## எதற்கும் முன்: எந்த வகை விகுதி?

சொல்லை முடித்து வைக்கும் விகுதிகள் ஆங்கிலத்தில் எட்டுதான். பன்மைக்கு எஸ், உடைமைக்கு மேற்குறியோடு (அப்பாஸ்ட்ரஃபி) வரும் எஸ், 'ஹி', 'ஷி', 'இட்' ஆகியவற்றுக்குப் பின் வினையில் வரும் எஸ், ஈடி, வி த்ரீயில் ('கோ, வென்ட், கான்' என்ற வரிசையில் மூன்றாவது வடிவம்) வரும் ஈஎன், ஐஎன்ஜி, ஒப்பிடும்போது வரும் ஈஆர், ஈஎஸ்டி. மற்றவை (ஷன், மென்ட், நெஸ், இட்டி, ஃபுல், ஏபிள், லி, ஆளைக் குறிக்கும் ஈஆர்) புதுச் சொல்லை உருவாக்குபவை. 'டீச்சர்ஸ்' என்பதைப் பிரித்தால் டீச், அப்புறம் ஆளைக் குறிக்கும் ஈஆர், கடைசியில் எஸ். முடித்து வைப்பது எப்போதும் வெளி ஓரத்தில்தான் நிற்கும். பள்ளியில் 'படித்தான்' என்பதைப் பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரித்த நினைவு இருந்தால் இது கடினமாக இருக்காது.

வகை தெரிந்தால் செலவு குறையும். பிழை அந்த எட்டில் ஒன்றாக இருந்தால் விதி இருக்கிறது, நீங்களே திருத்தலாம். மற்ற வகையாக இருந்தால் ஊகிக்க வேண்டாம், அகராதியைத் திறந்துவிடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எஸ் போடலாமா என்று இணையத்தில் தேடுவார்கள், 'அப்டேஷன்' என்று மட்டும் தைரியமாக எழுதிவிடுவார்கள்.

## அறிகுறி: 'டிட் நாட் வென்ட்', 'டு கேம்'

காலம் காட்டக் கூடாத இடத்தில் வினையில் காலம் காட்டியிருக்கிறீர்கள். வினைக்கு இடப்பக்கம் என்ன சொல் நிற்கிறது என்று பாருங்கள். வேறு எதுவும் தேவையில்லை.

டிட், டஸ், கேன், வில், ஷுட், மஸ்ட் நிற்கிறதா? வினை மொட்டையாக இருக்க வேண்டும், அதாவது வி ஒன். தமிழிலும் 'நேற்று போகவில்லை' என்றுதான் சொல்கிறோம், 'போனவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. 'போக' காலம் காட்டாமல் நிற்பதைப் போல 'டிட் நாட்' பின்னால் 'கோ' நிற்கட்டும்.

ஹேஸ், ஹேவ், ஹேட் நிற்கிறதா? வி த்ரீ.

இஸ், ஆம், ஆர், வாஸ், வேர் நிற்கிறதா? செய்துகொண்டிருப்பதைச் சொன்னால் ஐஎன்ஜி, செய்யப்பட்டதைச் சொன்னால் வி த்ரீ.

'டு' நிற்கிறதா? பெரும்பாலும் வி ஒன். ஆனால் அலுவலகக் கடிதத்தின் கடைசி வரியில் எல்லோரும் எழுதும் 'லுக் ஃபார்வர்ட் டு' பின்னால் ஐஎன்ஜி வரும். 'ஹியர்' அல்ல, 'ஹியரிங்'. ஒரு விஷயத்துக்குப் பழகிவிட்டேன் என்ற பொருளில் வரும் 'ஆம் யூஸ்டு டு' பின்னாலும் அப்படித்தான்.

ஆவணம் நீளமாக இருந்தால் கண்ட்ரோல் எஃப் அழுத்தி 'டிட்' என்ற சொல்லைத் தேடி, ஒவ்வொன்றின் வலப்பக்கத்தையும் பாருங்கள். வாக்கியம் வாக்கியமாகப் படிப்பதைவிட வேகமாக முடியும். படிக்கும்போது கண் பொருளின் பின்னால் ஓடிவிடும், விகுதியில் நிற்காது.

## அறிகுறி: எஸ் வர வேண்டிய இடத்தில் இல்லை

பெயர்ச்சொல்லில் விட்டுப்போயிருந்தால் முன்னால் எண் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் 'மூணு மாடு', 'பத்து ரூபாய்' என்றால் போதும், எண்ணே பன்மையைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் எண் இருந்தாலும் எஸ் வேண்டும்.

எண் ஒன்றுதான் என்றால் அதற்குப் பின்னால் 'ஆஃப்' வருகிறதா பாருங்கள். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்பதுதான் என் மேசைக்கு அதிகம் வரும் பிழை, நன்றாக ஆங்கிலம் பேசுபவர்களிடமிருந்தும் வருகிறது. பலரில் ஒருவர் என்பதால் 'ஃப்ரெண்ட்ஸ்' என்று பன்மை வேண்டும். ஆனால் எழுவாய் அந்த ஒருவர்தான் என்பதால் பின்னால் வரும் வினை ஒருமை, 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் வொர்க்ஸ்'. பெயரில் எஸ், வினையிலும் எஸ். காதுக்கு விநோதமாக இருந்தாலும் அதுதான் சரி.

வினையில் விட்டுப்போயிருந்தால் எழுவாய் யார் என்று கேளுங்கள். 'ஹி', 'ஷி', 'இட்' என்று மாற்றிப் போட முடிந்தால், நிகழ்காலத்தில் எஸ் வேண்டும். எழுவாய் நீளமாக இருந்தால் 'ஆஃப்' முதல் வினை வரையுள்ள பகுதியை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். 'லிஸ்ட் ஆஃப் ஐட்டம்ஸ்' என்பதில் எழுவாய் 'லிஸ்ட்'தான், பக்கத்தில் நிற்கும் 'ஐட்டம்ஸ்' கண்ணை ஏமாற்றும்.

இந்த வினை எஸ் வசப்பட நாளாகும், அதற்காக வருந்த வேண்டாம். உளவியலாளர் ரோஜர் பிரவுன் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மூன்று குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1973-இல் வெளியிட்ட வரிசையில், 14 இலக்கண உறுப்புகளில் ஐஎன்ஜி முதலில் வந்தது. இந்த எஸ் 10-ஆவதாகத்தான் வந்தது.

## அறிகுறி: எஸ் வேண்டாத இடத்தில் இருக்கிறது

'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்', 'லக்கேஜஸ்', 'ஹோம்வொர்க்ஸ்'. தமிழில் தகவல்கள், அறிவுரைகள் என்று தாராளமாகக் 'கள்' போடலாம் என்பதால், இதில் தமிழ் உங்களுக்குக் கைகொடுக்காது. மாணவர்களுக்கான அகராதிகளில் பெயர்ச்சொல் பக்கத்தில் சி அல்லது யு என்ற எழுத்து இருக்கும். சி என்றால் எண்ணலாம், யு என்றால் எண்ண முடியாது, எஸ் வராது. இரண்டும் போட்டிருந்தால் பொருளுக்கேற்ப மாறும். 'பேப்பர்' வெறும் தாளாக இருக்கும்போது யு, ஆவணமாகவோ ஆய்வுக் கட்டுரையாகவோ இருக்கும்போது சி. எண்ணிக்கை சொல்லியே ஆக வேண்டுமானால் 'டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்' என்று 'பீஸ்' என்ற சொல்லின் தலையில் எஸ்ஸைக் கட்டிவிடுங்கள்.

எஸ்ஸுக்கு முன் மேற்குறி தொங்குகிறதா? உணவகப் பலகைகளில் இது நிறைய. 'யாருடைய?', 'எதனுடைய?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் குறியை எடுத்துவிடுங்கள். பதில் வந்து, அந்தச் சொல் ஏற்கெனவே எஸ்ஸில் முடியும் பன்மையாக இருந்தால் குறி எஸ்ஸுக்குப் பின்னால் போக வேண்டும். 'இட்ஸ்' ஒன்றுக்கு மட்டும் தனிச் சோதனை. 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்று விரித்துப் படித்தால் பொருந்துகிறதா? பொருந்தினால் குறி உண்டு, இல்லாவிட்டால் கிடையாது.

## அறிகுறி: ஈடி காணவில்லை, அல்லது ஐஎன்ஜியோடு இடம் மாறிவிட்டது

'யூஸ் டு', 'சப்போஸ் டு', 'பேஸ் ஆன்', 'எக்ஸ்பீரியன்ஸ் கேண்டிடேட்'. முதல் இரண்டிலும் ஈடியின் ஒலி அடுத்து வரும் 'டு'வோடு கரைந்துவிடுவதால் காதுக்குத் தெரிவதில்லை. கேட்டபடி எழுதினால் விட்டுப்போகும். இவை பட்டியல் போட்டு நினைவில் வைக்க வேண்டியவை. ஒரு விலக்கு உண்டு. 'டிட் நாட் யூஸ் டு' என்று எழுதும்போது 'டிட்' இருப்பதால் ஈடி வராது, அது சரியான வடிவம்தான்.

பெயருக்கு முன் வருவதற்குத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். தமிழில் 'பட்ட' வந்தால் ஈடி, 'கிற' வந்தால் ஐஎன்ஜி. இணைக்கப்பட்ட கோப்பு 'அட்டாச்டு ஃபைல்', வளர்கிற நகரம் 'குரோயிங் சிட்டி'.

உணர்ச்சிச் சொற்களில் இந்தச் சோதனை வழுக்கும். 'எனக்கு போர் அடிக்குது' என்பதை ஆங்கிலமாக்கி 'ஐ ஆம் போரிங்' என்று எழுதுபவர், தான் அடுத்தவரைச் சலிப்படையச் செய்யும் ஆள் என்று தானே ஒப்புக்கொள்கிறார். 'ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் யுவர் கம்பெனி' என்று தொடங்கும் விண்ணப்பமும் அப்படித்தான், தற்பெருமையில் ஆரம்பிக்கிறது. உணர்பவருக்கு ஈடி, உணரச் செய்வதற்கு ஐஎன்ஜி. 'கன்ஃபியூஸ்டு', 'கன்ஃபியூசிங்', 'டயர்டு', 'டயரிங்' எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல். எழுத்துப் பிழை காட்டும் மென்பொருள் பெரும்பாலும் இதில் வாயைத் திறக்காது, இரண்டுமே அகராதியில் இருக்கும் சொற்கள் என்பதால்.

## அறிகுறி: எழுதியது சரி, சொல்வது 'வாக்கெட்', 'ஆஸ்கெட்'

ஈடிக்கு மூன்று உச்சரிப்பு. மூலச்சொல்லின் கடைசி ஒலியை மட்டும் பாருங்கள், எழுத்தை அல்ல.

கடைசி ஒலி டி வகையாக இருந்தால் மட்டுமே தனி அசை வரும், 'வான்டிட்', 'நீடிட்'. மற்ற எதற்கும் கூடுதல் அசை கிடையாது. தொண்டையில் விரல் வைத்து மூலச்சொல்லைச் சொல்லுங்கள். 'வாக்', 'வாஷ்', 'ஸ்டாப்' என்று முடியும்போது அதிர்வு இல்லையென்றால், ஒட்டுவது 'பட்டம்' என்பதில் வரும் வன்மையான ஒலி. 'கால்', 'ப்ளே', 'ஓப்பன்' போல அதிர்ந்தால் 'படம்' என்பதில் வரும் மென்மையான ஒலி. இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் பெரிய கெடுதல் இல்லை. தனி அசை சேர்ப்பதுதான் காதில் உறுத்தும். 'விக்கிட்', தீய என்ற பொருளில், 'லேர்னிட்', கற்றறிந்த என்ற பொருளில், இரண்டும் அசையோடு வரும் பழைய அடைமொழிகள்.

## அறிகுறி: ஓர் எழுத்தா, இரண்டா?

மூலச்சொல்லைச் சத்தமாகச் சொல்லுங்கள். ஒற்றை உயிரெழுத்தும் ஒற்றை மெய்யெழுத்துமாக முடிந்து, அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால் கடைசி எழுத்து இரட்டிக்கும். 'பிகின்' கடைசியில் அழுந்துவதால் 'பிகினிங்' என்பதில் இரண்டு என். 'ஓப்பன்' முதலில் அழுந்துவதால் 'ஓப்பனிங்' என்பதில் ஒரே என். 'விசிட்' அதேபோல ஒற்றை. 'ரெஃபர்' நல்ல சோதனைச் சொல். 'ரெஃபர்டு' என்பதில் இரண்டு ஆர், 'ரெஃபரன்ஸ்' என்றதும் அழுத்தம் முன்னால் நகர்ந்துவிடுவதால் ஒற்றை ஆர்.

எல் எழுத்தில் முடிந்து, நீங்கள் சரியென்று எழுதியதில் சிவப்புக் கோடு விழுகிறதா? சொல்லைத் தொடாதீர்கள், ஆவணத்தின் மொழி அமைப்பைப் பாருங்கள். 'டிராவல்', 'கேன்சல்' இரண்டும் பிரிட்டிஷ் வழக்கில் இரண்டு எல், அமெரிக்க வழக்கில் ஒன்று. வேர்டில் மொழியை மாற்றினால் கோடு போய்விடும். 'கேன்சலேஷன்' மட்டும் இரு வழக்கிலும் இரண்டு எல்.

சில்லறைப் பிழைகள் சில. 'ஃபுல்' விகுதியானதும் ஒரு எல்தான், பின்னால் 'லி' சேர்ந்தால் இரண்டாகிவிடும். மெய்யெழுத்தை அடுத்து ஒய் வந்தால் அது ஐ ஆகும், ஐஎன்ஜிக்கு முன் மட்டும் ஆகாது. சி எழுத்தில் முடியும் 'மிமிக்', 'பிக்னிக்', 'பேனிக்' மூன்றும் ஈடி, ஐஎன்ஜிக்கு முன் ஒரு கே வாங்கிக்கொள்ளும். 'மிமிக்ரி'க்கு அந்தக் கே வேண்டியதில்லை.

## அறிகுறி: விகுதி சரி, உடம்பு உருமாறிவிட்டது

'ப்ரொனவுன்ஸ்' தெரியும் என்பதால் 'ப்ரொனவுன்சியேஷன்' என்று எழுதுகிறார்கள், சொல்லவும் செய்கிறார்கள். பெயர்ச்சொல் 'ப்ரொனன்சியேஷன்', நடுவில் இருந்த ஓ எழுத்து போய்விடும். 'மெயின்டெயின்' என்பது 'மெயின்டனன்ஸ்' ஆகும்போது ஏஐ போய் ஈ வரும். 'எக்ஸ்பிளெயின்' என்பதிலிருந்து 'எக்ஸ்பிளனேஷன்', 'ரிப்பீட்' என்பதிலிருந்து 'ரெப்பிட்டிஷன்', 'டிஸ்கிரைப்' என்பதிலிருந்து 'டிஸ்கிரிப்ஷன்', 'கியூரியஸ்' என்பதிலிருந்து 'கியூரியாசிட்டி'. இவற்றுக்கு விதி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அடிக்கடி பயன்படும் இருபது முப்பது சொற்களை எழுதி மேசையில் ஒட்டி வைப்பது போதும்.

## அறிகுறி: சொல்லே இல்லை, அல்லது வேறு சொல்லாகிவிட்டது

இதுதான் ஊகிப்பவர்கள் மாட்டும் இடம். மலிவான சோதனையிலிருந்து தொடங்குவோம்.

விகுதி இல்லாமலே பெயர்ச்சொல் இருக்கிறதா? 'அப்டேட்' தானே பெயராகவும் வரும். நம் அலுவலகங்களில் புழங்கும் 'அப்டேஷன்' உள்ளூரில் யாருக்கும் புரியும், வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்தில் வேண்டாம். சமைப்பவர் 'குக்'. 'எங்கள் அம்மா நல்ல குக்கர்' என்று எழுதினால் விசில் எண்ண வேண்டியதுதான். 'ஸ்டீல்' பின்னால் ஈஆர் சேர்த்துத் திருடனை உருவாக்குவதில்லை, அதற்கு 'தீஃப்' ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டது.

'லி' தேவையா? 'ஃபாஸ்ட்' வினைக்கும் அப்படியே வரும், 'ஃபாஸ்ட்லி' கிடையாது. 'ஹார்ட்லி' உண்டு, ஆனால் பொருள் கவிழ்ந்துவிடும். 'ஐ வொர்க் ஹார்ட்லி' என்றால் நான் வேலையே செய்வதில்லை என்பதுபோல் ஆகிவிடும். 'லேட்' தாமதமாக, 'லேட்லி' அண்மைக்காலமாக. 'ஃப்ரெண்ட்லி' வால் 'லி' ஆனாலும் அடைமொழிதான்.

'இக்'கா, 'இக்கல்'லா? 'எகனாமிக்' பொருளாதாரம் சார்ந்தது, 'எகனாமிக்கல்' செலவு குறைவானது. 'ஹிஸ்டாரிக்' வரலாற்றில் முக்கியமானது, 'ஹிஸ்டாரிக்கல்' வரலாறு தொடர்பானது. ஒவ்வொரு இணையையும் அகராதியில்தான் பார்க்க வேண்டும்.

ஏபிளா, ஐபிளா? விகுதியை உருவிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். முழுச்சொல் மிஞ்சினால் ('கம்ஃபர்ட்', 'ரீட்', 'அக்செப்ட்') பெரும்பாலும் ஏ எழுத்து. அரைகுறையாக மிஞ்சினால் ('பாசிபிள்', 'விசிபிள்') பெரும்பாலும் ஐ. 'ஃப்ளெக்சிபிள்', 'கேப்பபிள்' இரண்டும் இதற்கு அடங்காது. ஆகவே இது பந்தயம் கட்டக்கூடிய விதி அல்ல.

நெஸ்ஸா, இட்டியா? அகராதி கையில் இல்லாத அவசரத்தில் நெஸ் போடுங்கள். ஏறக்குறைய எந்த அடைமொழியோடும் அது ஒத்துப்போகும், மூலச்சொல்லையும் சிதைக்காது. இட்டி ஆள் பார்த்துத்தான் சேரும்.

ஈஆர், ஓஆர், இரட்டை ஈ? செய்பவர் 'எம்ப்ளாயர்', 'டிரெய்னர்', செய்யப்படுபவர் 'எம்ப்ளாயீ', 'டிரெய்னீ'. பேருந்தில் நின்றுகொண்டு போகும் 'ஸ்டாண்டீ' மட்டும் தானே நிற்கிறார், யாரும் நிற்க வைக்கவில்லை. பத்திரங்களில் இந்த வேறுபாடு காசோடு விளையாடும், அதைக் கீழே சொல்கிறேன்.

## அறிகுறி: ஒவ்வொரு எழுத்தும் சரி, கேட்பவருக்குப் புரியவில்லை

அழுத்தம் பழைய இடத்திலேயே நிற்கிறது. இக், இட்டி, ஷன் சேர்ந்தால் அழுத்தம் அந்த விகுதிக்குச் சற்று முன்னுள்ள அசைக்கு வந்துவிடும். 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையிலும், 'ஃபொடாகிரஃபி' இரண்டாவதிலும், 'ஃபோட்டோகிராஃபிக்' மூன்றாவதிலும் அழுந்தும். 'நெஸ்', 'மென்ட்', 'ஃபுல்', 'லி' எதையும் நகர்த்தாது. அகராதியில் ஒலிக்குறிப்புக்குள் மேலே தெரியும் சிறு செங்குத்துக் கோட்டைத் தேடுங்கள், அதற்கு அடுத்த அசையில்தான் அழுத்தம். கைப்பேசி அகராதிகளில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டுக் கேட்டுவிடலாம். 'அரபிக்', 'கேத்தலிக்' இரண்டும் முதல் அசையில் அழுந்தும் விலக்குகள்.

## எப்போது வேறொருவரிடம் கொடுக்க வேண்டும்

திருத்துநரிடம்: ஒருமுறைதான் அனுப்ப முடியும் என்ற கட்டுரையாக இருந்து, மேலே உள்ள சோதனைகளைச் செய்த பிறகும் ஒரு பக்கத்தில் பல இடங்களில் சந்தேகம் மிஞ்சினால் கொடுங்கள். சோதனை செய்யாமல் கொடுத்தால் எஸ் போடுவதற்கெல்லாம் கட்டணம் கட்டுவீர்கள். எங்களுக்கு லாபம்தான், உங்களுக்கு இல்லை.

வழக்கறிஞரிடம்: குத்தகை, அடமானப் பத்திரங்களில் ஓஆர், இரட்டை ஈ சந்தேகம் வந்தால் என்னைப் போன்ற ஆளிடம் வர வேண்டாம். 'லெஸ்ஸார்' சொத்தைக் குத்தகைக்கு விடுபவர், 'லெஸ்ஸீ' எடுப்பவர். அடமானத்தில் பலர் தடுமாறுகிறார்கள். 'மார்ட்கேஜர்' கடன் வாங்கிச் சொத்தை ஈடு வைப்பவர், 'மார்ட்கேஜீ' கடன் கொடுக்கும் வங்கி. இந்த விகுதி மாறினால் யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதே மாறிவிடும்.

செவி, பேச்சு வல்லுநரிடம்: இது குழந்தைகளுக்கு. ஆங்கிலத்தில் மட்டும் எஸ், ஈடி விட்டுப்போனால் காத்திருக்கலாம், இரண்டாம் மொழியில் அது இயல்பு. வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். மொழி உளவியலாளர் ஜீன் பெர்கோ 1958-இல் வெளியிட்ட ஆய்வில் நாலு முதல் ஏழு வயதுக் குழந்தைகளிடம் இல்லாத ஒரு பிராணியின் படத்தைக் காட்டி 'வக்' என்று பெயர் சொன்னார். இரண்டு இருந்தால் என்ன என்று கேட்டதும் பெரும்பாலானவர்கள் எஸ் சேர்த்துச் சொன்னார்கள். 'டாஸ்' போன்று எஸ் ஒலியில் முடியும் புதுச் சொல்லைக் கொடுத்தபோது அதே குழந்தைகள் தடுமாறினார்கள். ஆகவே உங்கள் பிள்ளையும் அங்கே தடுமாறினால் பொருட்படுத்த வேண்டாம்.

ஆனால் பள்ளி வயது வந்தும் தமிழிலேயே 'நான் நேத்து கடைக்குப் போ' என்பதுபோல் விகுதிகள் தொடர்ந்து விழுந்தால் காத்திருக்கக் கூடாது. முதலில் கேட்கும் திறனைச் சோதியுங்கள். 'ஸ்', 'ட்' போன்ற மெல்லிய, உயர் அதிர்வெண் கொண்ட கடைசி ஒலிகள்தான் கேட்கும் குறைபாட்டில் முதலில் நழுவும், கேட்காததைக் குழந்தை சொல்லாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இதற்கு வழி கேட்கலாம். மைசூருவில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இதற்கென்றே இயங்குகிறது. கேட்கும் திறன் சரியாக இருந்தால் அடுத்தது பேச்சு, மொழி வல்லுநர். போகும்போது குழந்தை வீட்டில் இயல்பாகப் பேசியதைக் கைப்பேசியில் சில நிமிடம் பதிவு செய்து எடுத்துப் போங்கள். புது இடத்தில் பல பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.